இடது பக்க பிரேக்

ஞாயிற்றுக்கிழமை காலை, நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே, கூரையில் ‘L’ பலகை மாட்டிய வெள்ளைக் காருக்குள் சவுரிமுத்து காத்திருந்தான். வண்டி நின்றிருந்தது. அவன் வலது கால்தான் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்களுக்கு வருகிற வியாதி அது. இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த தனி பிரேக்கின்மேல் காலை வைத்தபடி, ஊரார் பிள்ளைகள் லாரியில் போய் முட்டாமல் காப்பாற்றிக் காப்பாற்றி, அந்தக் கால் அவன் பேச்சைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டது. பஸ்ஸில் போனால் மிதிக்கும். பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுத்தால் மிதிக்கும். குடும்ப நீதிமன்றத்து பெஞ்சில், மனைவி ரேஷ்மாவின் வக்கீல் வாயைத் திறந்தபோதெல்லாம் மிதித்தது. அங்கே எதுவும் நிற்கவில்லை.

ரேஷ்மா பிரிந்து போனதற்கு மனுவில் என்னென்னவோ எழுதியிருந்தார்கள். வீட்டில் அவள் சொன்னது ஒன்றுதான். “உன்கூட வாழ்றது தினமும் எட்டு போட்டுக் காட்டுற மாதிரி இருக்கு சவுரி. கால ஊனிட்டா ஃபெயிலு.” அடுப்பைக் குறைச்சு வை, பால்கனிப் பக்கம் குழந்தையை விடாதே, அந்த ஆளோடு என்ன பேச்சு என்று எதற்கெடுத்தாலும் குறுக்கே விழுகிற ஆள்தான் அவன். அது அக்கறை என்று இன்றைக்கும் நம்புகிறான். அவளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. குழந்தை அம்மாவோடு நாவலூரில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்பாவோடு இரும்புலியூரில் என்று தீர்ப்பானது.

லிஃப்டிலிருந்து மகள் ஜெசிந்தா ஓடி வருவதைப் பார்த்ததும் சவுரி, டேஷ்போர்டில் பொருத்தியிருந்த போனைத் தட்டி, குரல் பதிகிற ஆப்பை ஓடவிட்டான். அவனுடைய வக்கீல் வைத்தீஸ்வரன் சொல்லிக்கொடுத்த வேலை அது. “குழந்தை ஃப்ரீயா பேசும்போது ஏதாவது வரும் சவுரி. அம்மா திட்டினா, தனியா விட்டுட்டுப் போனா, எதுவா இருந்தாலும் சரி. பதிஞ்சு வெச்சுக்கோங்க.” ஒவ்வொரு ஞாயிறும் பதிந்தான். இதுவரை சிக்கியதெல்லாம் தோழி வீட்டு நாய்க்குட்டி, கணக்கு மிஸ்ஸின் மூக்குத்தி, வாயாலேயே வாசித்துக் காட்டிய ஒரு கீபோர்டு பாட்டு. இதை வைத்து எந்தக் கோர்ட்டில் எதை நிரூபிப்பது?

“அப்பா, நான் முன்னாடி உக்காரட்டா?”

“பின்னாடிதான் பசங்க உக்காரணும்.”

“அடுத்த சண்டே புது நன்மை வாங்கப் போறேன்ப்பா. நான் பெரிய பொண்ணு.”

ரூலில் பிசகாத சவுரிக்கு அன்று மனசு இளகிவிட்டது. கதவைத் திறந்துவிட்டான். வாத்தியார் சீட்டில் ஏறி உட்கார்ந்தவளின் கால்கள் இப்போது கீழே உள்ள பெடலைத் தொட்டன. எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று அவனுக்குத் திக்கென்றது.

“கால அதுமேல வெக்காத. அது நெஜமான பிரேக்கு.”

“தெரியும்ப்பா” என்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வண்டி கேளம்பாக்கத்தில் திரும்பி வண்டலூர் சாலையில் ஏறியது. ஞானஸ்நானம் கொடுத்த இரும்புலியூர் கோயிலிலேயே முதல் நற்கருணையான புது நன்மையும் கொடுப்பது என்று மட்டும் அவனும் ரேஷ்மாவும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அவனுக்கென்று இருந்த ஒரே நாளிலும் பாதியை மறைக்கல்வி வகுப்பு தின்றது. வகுப்பு நடக்கிற நேரமெல்லாம் கோயில் வாசலில் நின்று பியூலா டீச்சரை மனசுக்குள் வைதுகொண்டிருப்பான். இன்றைக்கு வகுப்பு இல்லை. செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம், பிள்ளைகளுக்கு முதல் தடவை.

அதற்கும் மேலே ஒரு பாரம் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை ராத்திரியும் மகள் தன்னோடு தங்க வேண்டும் என்று அவன் போட்ட மனுவுக்காக, நீதிபதி அம்மா ஜெசியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகக் கேட்டார். அப்பா வீட்டில் ராத்திரி பயமாக இருக்கும் என்று குழந்தை சொல்லிவிட்டதாம். மனு அப்படியே நிற்கிறது. வியாழக்கிழமை மறுபடி வருகிறது. ஜட்ஜ் அதைப் படித்தபோது கூனிக் குறுகிப்போனான். என்னைப் பார்த்தா பயம்? என் வீட்டிலா? அன்றிலிருந்து அவன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான். கட்டிலுக்கு எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி மாடியில் குடியிருக்கும் அக்கா வீட்டில் போட்டான். பாத்ரூம் கதவின் கிறீச்சுக்கு எண்ணெய் விட்டான். படுக்கைக்கு மேலே நிலா மாதிரி ஒரு சின்ன விளக்கு மாட்டினான். குரலைக்கூடத் தணித்துப் பேசிப் பார்த்தான், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், “உடம்பு சரியில்லையா அண்ணா?” என்று கேட்டார்கள்.

“அப்பா, நான் என் பாவத்தச் சொல்லிப் பாக்குறேன். நீ ஃபாதர் மாதிரி கேளு. என்னைத் திரும்பிப் பாக்கக் கூடாது.”

“ரோட்டத்தான் பாத்துகினு கீறேன். சொல்லு.”

ஜெசி கைகளைக் கூப்பி, டீச்சர் கற்றுக்கொடுத்த முன்னுரையை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். பிறகு பாவங்கள் வந்தன. வகுப்புத் தோழி தியாவின் ரப்பரை எடுத்துவிட்டு இல்லை என்று சொன்னது. பூசையில் தூங்கியது. அம்மா வைத்த பாகற்காயை டிஷ்யூவில் சுற்றி ஜன்னல் வழியாகப் போட்டது. அது கீழ்வீட்டு அங்கிள் தலையில் விழுந்தது. சவுரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சாமியார் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டான்.

“அப்புறம், ஜட்ஜ் ஆன்ட்டிகிட்ட பொய் சொன்னேன்.”

“இன்னா பொய்?”

“அப்பா வீட்ல நைட் பயமா இருக்கும்னு சொன்னேன்ல, அது.”

குறுக்கே வந்த ஸ்கூட்டரை அவன் பார்க்கவில்லை. கால் பார்த்தது. வண்டி உதறி நின்று மறுபடி நகர்ந்தது.

“உனக்கு பயமே இல்லியா?”

“உன் வீட்ல என்ன பயம்? அங்கதான் எனக்கு நல்லா தூக்கம் வரும்.”

சவுரிக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை பயப்படுகிற அளவுக்கு நாம் என்ன பாவம் செய்தோம் என்று மாதக்கணக்காகத் தன்னையே பிய்த்துக்கொண்டிருந்தவன். ஒன்றுமில்லை, நான் ஒன்றும் செய்யவில்லை என்று கத்த வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது. அது ஒரு வளைவு தாண்டுவதற்குள் கோபமாக மாறியது. யார் வேலை இது என்று அவனுக்குத் தெரியாதா?

“அம்மா சொல்லிக் குடுத்துச்சா?”

கேட்டுவிட்டுப் போனைப் பார்த்தான். ஆப் ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

“ம்ஹூம். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.” அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். “உனக்கு அத்தை இருக்காங்க, மாமா இருக்காங்க, வண்டி கத்துக்க எவ்ளோ பேர் வர்றாங்க. அம்மாவுக்கு யாரு இருக்கா? நான் இல்லைன்னா டிவியப் போட்டுட்டு அதைப் பாக்காமயே உக்காந்திருக்கும்.”

“அதுக்கு அம்மாகூட இருக்கணும்னு சொல்லியிருக்கலாமே?”

“அப்படிச் சொன்னா நீ அழுவ. பயம்னு சொன்னா லைட்டு வாங்கிப் போடுவன்னு நெனச்சேன்.”

அவன் லைட்டு வாங்கித்தான் போட்டிருந்தான்.

“அப்பா, பியூலா டீச்சர் சொன்னாங்க, திருடினத ஃபாதர்கிட்ட சொன்னா மட்டும் போதாதாம், திருப்பிக் குடுக்கணுமாம். ரப்பரை நாளைக்கு குடுத்துருவேன். பொய்ய எப்படித் திருப்பிக் குடுக்கறது? ஜட்ஜ் ஆன்ட்டிகிட்ட போய் சொல்லணுமா?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பது இதுதான். சொல்லணும்மா, கட்டாயம் சொல்லணும் என்று அவன் சொல்லிவிட்டால் வியாழக்கிழமை அவளே வந்து சொல்லிவிடுவாள். சனிக்கிழமை ராத்திரி அவனுடையது. அதில் பொய்யும் இல்லை, பாவமும் இல்லை. வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. வண்டலூர் பாலத்துக்குக் கீழே வண்டிகளின் இரைச்சலில், “ஃபாதரைக் கேளு” என்று மட்டும் சொன்னான். பாரத்தை இன்னொருவர் தலையில் இறக்கிவைக்க வழி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

கோயிலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சவுரி வெளியே பாதாம் மரத்தடியில் நிற்க முடியாமல் நடந்தான். போனைக் காதில் வைத்துப் பதிந்ததைக் கேட்டான். “பொய் சொன்னேன்” என்று அவள் குரல் தெளிவாக இருந்தது. வெறும் வாயை மெல்லுகிற வக்கீலுக்கு அவல் மூட்டையே கிடைத்த மாதிரி. வாட்ஸ்அப்பைத் திறந்தான். வைத்தீஸ்வரன் பெயரைத் தொட்டான். கோப்பைச் சேர்த்தான். அம்புக்குறிமேல் கட்டைவிரல் நின்றது. அனுப்பினால் என்ன? உண்மைதானே? ஆனால் வக்கீல் இதைக் கோர்ட்டில் எழுந்து போட்டுக் காட்டுவார். டிவியைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மா என்பதும் அதில் இருக்கிறது. அதை ரேஷ்மா எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து கேட்பாள். கேட்கட்டுமே என்று மனதில் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டான்; மறுபடி எடுத்தான்; மறுபடி போட்டான். கோயில் காவல்காரர் ஏசுபாதம் சிரித்தார். “இன்னா சவுரி, பாவசங்கீர்த்தனம் கொழந்தைக்கா, உனக்கா? இப்படிப் பேஜார் ஆவுற.”

ஜெசி வெளியே வந்தபோது முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

“ஃபாதர் இன்னா சொன்னாரு?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது. அவரும் யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. கழுத்த வெட்டினாலும் சொல்ல மாட்டாராம்.”

மத்தியானம் அக்கா கொடுத்தனுப்பிய மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அவன் கட்டிலில் குறுக்காகப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. பட்டப்பகலில் சவுரி எழுந்து போய் அந்த நிலா விளக்கைப் போட்டுப் பார்த்தான். இருந்த வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எழுந்திருக்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி இப்படிப் பார்க்கக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

சாயங்காலம் ஜெசியை மறுபடி முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பெருங்களத்தூரிலிருந்தே நெரிசல். ஊருக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்காகப் பாதி ரோட்டில் நின்றார்கள். வண்டலூர் தாண்டிக் கொளப்பாக்கம் பக்கத்தில் வண்டிகள் ஆமையாக ஊர்ந்தன. போன் டேஷ்போர்டில் இருந்தது. சவுரி அந்த ஆப்பைப் போடவில்லை. காலையில் பதிந்ததே அனுப்பாமலும் அழிக்காமலும் அப்படியே கிடந்தது.

“அப்பா.”

“ம்.”

“ஃபாதருக்கு மட்டும்தான் தெரியணும். ஆனா நான் காலைல உன்கிட்டயும் சொல்லிட்டேன்.” ஜெசி அவன் பக்கம் திரும்பினாள். “நீ ஃபாதர் மாதிரிதானே கேட்ட? அப்ப நீயும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுல்ல?”

அவன் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. திரையில் ‘வக்கீல் சார்’ என்று பெயர் மின்னியது. வியாழக்கிழமைக்கு முன்னால் ஏதாவது கிடைத்ததா என்று கேட்கத்தான். யோசிக்காமலேயே அவன் இடது கை ஸ்டியரிங்கை விட்டுப் போனை நோக்கிப் போனது.

வண்டி குலுங்கி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. அவன் தன் காலைப் பார்த்தான். அது ஆக்ஸிலரேட்டர்மேல்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தான். ஜெசி சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடது பக்க பிரேக்கை வலது காலால் முழுசாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

“கால எடுடி. ரோட்டுல நிக்கறோம்.”

“எடுக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நீ மொதல்ல சொல்லு.”

பின்னால் ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். வேன் ஒன்று உரசுவதுபோல் ஒதுங்கிப் போனது. போன் ஒரு முறை அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்கத் தொடங்கியது. பிரேக்மேல் இருந்த அந்தச் சின்னக் கால் எட்டி மிதித்ததில் விரல்கள் வெளுத்துப்போய், முழங்கால்வரை நடுங்கிக்கொண்டிருந்தது.