ஆறு மில்லிமீட்டருக்குச் சம்மதிக்காத இடியாப்ப அச்சு

காஜா பெராங் தொழிற்பயிற்சி நிலையத்தில், மாணவர்கள் கணினியில் வரையும் முப்பரிமாணத் திட மாதிரிகளின் அழகை ராஜரத்தினம் சார் பார்ப்பதே இல்லை. யாராவது ஓர் அளவை மாற்ற வேண்டும். மற்ற பாகங்கள் அதற்கேற்பத் தாமாக மாறிக்கொண்டால் நல்ல மாதிரி. கணினி பிழை காட்டித் திரை சிவந்தால் தோல்வி. மாற்றும் வேலையையும் மாணவர்களிடமே விட்டிருந்தார். ஒருவர் மாதிரியை இன்னொருவர் கெடுக்கப் பார்க்கலாம்.

அதில் கருணாகரன் கில்லாடி. மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறைக்கு முன்பே பாதி வகுப்பைச் சிவக்க வைத்துவிட்டான். அவனுடையதை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. ஆயர் குரோ தொழிற்சாலை ஒன்று முதல் மதிப்பெண் வாங்குபவரை வேலைக்குக் கேட்டிருந்தது. மிஞ்சிய போட்டி கம்போங் செட்டியிலிருந்து வரும் ஜெயா மட்டும்தான்.

வீட்டுப் பொருள் ஒன்றை அளந்து வரைய வேண்டும். ஜெயா வரைந்தது இடியாப்ப அச்சு.

“ஒங்க வீட்டுல இடியாப்பத்துக்கு என்னா பேரு?” என்றான் கருணாகரன்.

“புத்து மாயாம் லா. வாரா வாரம் வந்து தின்னுட்டுப் போற, பேரு தெரியாதா?”

அவன் சிரித்துக்கொண்டே துளையின் விட்டத்தை மூன்று மில்லிமீட்டரிலிருந்து முப்பது ஆக்கினான். திரை முழுக்கச் சிவப்பு.

“முடிஞ்சிச்சு சார். அடுத்து யாரு?”

“இருங்க சார்.” ஜெயா எழுந்தாள். “முப்பது போட்டா இடியாப்பமா வரும்? கொழுக்கட்டைதான் வரும். அதான் வேணாங்குது.”

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. தாமே உட்கார்ந்து நான்கு போட்டார். துளைகள் தள்ளி நின்றுகொண்டன. ஐந்துக்கும் அப்படியே. ஆறு போட்டதும் சிவந்தது.

“ஏம்மா ஆறுல நிக்குது?”

“அதுக்கு மேல தள்ள எடம் இல்ல சார். நடுவுல தகடு மெலிஞ்சு, அமுக்கினா கிழியும். நான்தான் அங்க தடுப்பு வெச்சேன்.”

“சாக்கு சொல்றா சார்!” என்றான் கருணாகரன்.

“அப்போ ஒன்னோடத நான் மாத்தறேன், போலே? மாத்தலாம்ல?”

கருணாகரனுடையது டிபன் கேரியர். டப்பாவின் உயரம் அறுபது. ஜெயா உட்குழிவின் ஆழத்தைத் தொண்ணூறு ஆக்கினாள். திரை சிவக்கவே இல்லை.

“பாத்தீங்களா சார்!” என்று மேசையைத் தட்டினான் கருணாகரன். “ஒண்ணும் ஆகல.”

“கவுத்துப் பாரு.”

கவிழ்த்தான். எந்த டப்பாவுக்கும் அடி இல்லை.

“சாம்பாரு நேரா காலுக்குத்தான்,” என்றான் அப்பாசாமி.

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “சரி. செவந்தாலே தோல்வின்னு இனிமே இல்ல. காரணம் சொல்லணும்.”

உடனே பாதி வகுப்பு கை தூக்கியது.

“சார், என் தோசைக்கல்லும் வேணாம்னுதான் சொல்லிச்சு,” என்றாள் பூங்காவனம்.

“விளிம்ப ஒரு மில்லி ஒசத்துனதுக்கா?”

“ரோஷமான தோசைக்கல்லு சார்.”

கடைசியில் முதலிடம் ஜெயாவுக்கே. சார் வெளியே போனதும் கருணாகரன் அவள் பக்கம் சாய்ந்தான்.

“நான் தொளையத் தொடாம இருந்திருந்தா ஒனக்கு இந்த வேல கெடச்சிருக்குமா, சொல்லு?”

“அதான் லா,” என்றாள் ஜெயா, கணினியை அணைத்தபடி. “நீ அச்சோட கைப்பிடியத் தொட்டுடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன். அதுல அர மில்லி மாத்துனாலும் எல்லாம் பொலபொலன்னு விழுந்திருக்கும்.”