அக்கா வண்டியின் சத்தம்

தம்பிக்காரன் கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அதற்கு மட்டும் பிரேக் கிடையாது. பட்டறைக்கு வரும் வண்டியைக் கழற்றுவதற்கு முன்னால், வந்த ஆளைக் கழற்றிப் போட்டுவிடுவான். வெல்டரும் பெயிண்டரும் சிரிக்கச் சிரிக்க அவனுக்குக் கை வேகமாக ஓடும். வேலையும் நடக்கிறது, கேலியும் நடக்கிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவனுடைய அக்காவின் பழைய பிக்கப் வண்டி, ஒரு லாரிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டு வந்து சேர்ந்தது. அக்கா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். பின்னால் மரச்சட்டத்தில் கம்பளி சுற்றிச் சாய்த்திருந்த ஜன்னல் கண்ணாடிகளில் ஒன்றுகூட உடையவில்லை.

"நடு ரோட்டுல நின்னுடுச்சுடா. ஒரே புகை. அதுக்கு முன்னாடி டொக்கு டொக்குன்னு இடிச்சுது" என்றாள்.

"சூட்டு முள்ளு?"

"சிவப்புல போய் ஒட்டிக்கிச்சு."

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய்களைத் தடவிப் பார்த்தான். எதிலும் ஒழுகல் இல்லை. குனிந்து அடியில் பார்த்தான், ஈரம் இல்லை. வெளியே போகாத தண்ணீர் உள்ளேதான் போயிருக்க வேண்டும். ஆயில் குச்சியை உருவினான். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தது.

"எத்தனை நாளாக்கா தண்ணி ஊத்தி ஓட்டுற?"

"தினமும் காலையில ஊத்திட்டுத்தான் எடுப்பேன்."

"எத்தனை நாளான்னு கேக்கறேன்."

"அது ஆச்சு, மழைக்கு முன்னாடியிலேருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"திங்கக்கிழமைக்குள்ள ஆயிடுமா? இதுக்கே ரெண்டு தடவை லேட்டாயிடுச்சு. திங்கக்கிழமை வரலன்னா லோடை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு கண்ணாடிக் கடைக்காரர் சொல்லிட்டார்" என்றாள்.

அவள் வீட்டில் இரண்டு சம்பளம். ஒன்று அத்தான் கிடங்குக் காவலில் வாங்குவது. அது வாடகைக்கே மூச்சு முட்டும். சோறு போடுவது இந்த வண்டிதான். கண்ணாடி ஏற்றி ஓட்டுவது எல்லாராலும் ஆகிற காரியமில்லை. சட்டத்தில் ஒரு ஆப்பு தளர்ந்தாலும் மெல்லிய கிணுகிணுப்புதான் கேட்கும். அதைக் காதில் வாங்கி உடனே ஓரங்கட்ட வேண்டும். அதனால் அக்கா ரேடியோ போட மாட்டாள், போன் எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டுகிறாளா, வண்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று அத்தானே கேலி செய்வார்.

அந்தக் காதோடுதான் மழைக்கு முன்னால் ஒரு நாள் அக்கா பட்டறைக்கு வந்தாள். முள் ஏறுகிறது, ரெண்டு மாதிரி சத்தம் வருகிறது என்றாள். சத்தத்தை வார்த்தையில் சொல்ல எந்த டிரைவருக்கு வரும்? வாயாலேயே போட்டுக் காட்டினாள். முதலில் "கீ...ச்". அது பெல்ட். தம்பி தலையாட்டினான். பிறகு, "டேஷ்போர்டுக்குப் பின்னால, யாரோ சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணி குடிக்கிற மாதிரிடா. குளுக், குளுக், குளுக்" என்று கழுத்தை நிமிர்த்திச் செய்து காட்டினாள். மனுஷி அப்படியே செய்தாள், தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

அவ்வளவுதான், தம்பிக்குக் குஷி பிறந்துவிட்டது. "ராத்திரி ஊறுகாய் ஜாஸ்தியா தின்னிருக்கும்க்கா உன் வண்டி!" என்றான். தானும் கழுத்தை நிமிர்த்தி, கண்ணைச் செருகி, "குளுக், குளுக்" என்று பட்டறையைச் சுற்றி நடந்து காட்டினான். வெல்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பெயிண்டர் தரையில் உட்கார்ந்தே விட்டார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வேறென்ன செய்வாள்? பெல்ட்டை மாற்றினான், தெர்மோஸ்டாட்டை மாற்றினான், முள் இறங்கியது. அன்றிலிருந்து பட்டறையில் அவளுக்கு 'மிமிக்ரி அக்கா' என்று பெயரும் ஆகிவிட்டது.

இப்போது குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் குளுக் குளுக் என்றால் தண்ணீர் ஓடும் வழியில் காற்று நுழைந்திருக்கிறது. காற்று எங்கிருந்து நுழையும்? இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு லேசாக விட்டிருந்தால் நுழையும். தொழில் கற்ற முதல் வருஷமே தெரிந்துகொண்ட பாடம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை வாயால் அக்காவின் வண்டியல்லவா கெட்டது!

அன்று மதியத்துக்குள் இன்ஜினைப் பிரித்துவிட்டான். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடிப் பேரிங்குகள் தேய்ந்து, ஷாஃப்ட்டில் வரிவரியாகக் கோடு விழுந்திருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஹெட்டைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்கு ஓடினான். லேத்துக்காரர் அதன்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் விரல் நகம் நுழைகிற இடைவெளி.

"வளைஞ்சுடுச்சு. நடுவுல கீறல் வேற. இதைச் சீவி என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

அங்கே தன் சாமானுக்காகக் காத்திருந்த பாலத்தடி மெக்கானிக் எட்டிப் பார்த்தார். வேறு பட்டறைக்காரர், பார்த்தால் தலையாட்டுகிற பழக்கம், அவ்வளவுதான்.

"இது கண்ணாடி ஏத்தற வண்டியோடதா? உங்க அக்காதானே? மழை சமயத்துல எங்கிட்ட வந்தாங்களே."

"உங்ககிட்டயா?"

"ஆமா. குளுக் குளுக்னு வாயாலயே போட்டுக் காட்டினாங்க. அட்டகாசமா செஞ்சாங்க. கேட்டதுமே சொல்லிட்டேன், கேஸ்கெட்டும்மா, ஒரு நாள் வேலை, விட்டுட்டுப் போங்கன்னு. தம்பிகிட்டயே காட்டிக்கிறேன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க அப்பவே மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

தம்பிக்காரனுக்கு மாத்தியிருக்கலாம், மாத்தியிருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்ள, ஹெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்து என்ன ஆகப் போகிறது?

அக்கா பட்டறை வாசலில், பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆகாதா?"

"ஆகாதுக்கா. இதுக்கு வேற இன்ஜின் வாங்குற காசுக்கு வேற வண்டியே வாங்கிடலாம்."

அவன் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெல்டருக்குக் கேட்காத குரலில், "பாலத்தடிக்குப் போனியாமே" என்றான்.

"யார் சொன்னா?"

"அங்கயே செஞ்சுருக்கலாமேக்கா. ஒரு நாள் வேலை."

"நல்லாருக்கே! கூடப் பொறந்தவன் பட்டறை வெச்சிருக்கான், அவனை விட்டுட்டு அங்க போய்ச் செஞ்சா என்ன பேசுவாங்க? சொந்த அக்காவே நம்பல, இவன்கிட்ட போறதாவதுன்னு உன்னைத்தானே பேசுவாங்க?"

"அப்ப எங்கிட்டயாவது வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"வந்தேனேடா. ரெண்டு தடவை வந்தேன். 'அக்கா, இன்னிக்கு என்ன ப்ரோக்ராம்?'னு வெல்டர் கேட்டார். நீ சிரிச்ச. சரி, தானா சரியாயிடும்னு போயிட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு தரம் திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பாவி மனுஷி, அதைக்கூடச் செய்யவில்லை.

அவள் மடியிலிருந்த போன் அடித்தது. கண்ணாடிக் கடைக்காரர். வண்டி இனி ஆகாது என்று அவள் சொன்னாள். இரைச்சலுக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால், அவர் கேட்பது பட்டறை முழுக்கக் கேட்டது.

"என்னம்மா, தம்பியே மெக்கானிக்னு சொல்வீங்க. இவ்வளவு தூரம் எப்படி விட்டான்?"

வெல்டர் கை நின்றது. பெயிண்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, அவன் மேல தப்பே இல்லீங்க" என்றாள் அக்கா. "மழைக்கு முன்னாடியே சொன்னான், வண்டியை விட்டுட்டுப் போ, கேஸ்கெட் போகுதுன்னு. நான்தான் கேக்கல. லோடு கெடக்குதே, அப்புறம் பாக்கலாம்னு ஓட்டிட்டேன். ஆமாங்க. சரிங்க, வேற ஆளுக்கே குடுத்துடுங்க. இந்தக் கண்ணாடியை மட்டும் யாரையாவது அனுப்பி எடுத்துக்குங்க, பத்திரமா இருக்கு."

போனை வைத்தாள். வெல்டர் உச்சுக்கொட்டி, "தம்பி பேச்சைக் கேட்டிருக்கணும்க்கா. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"என்ன பண்றது, என் புத்திதான்" என்றாள் அவள்.

ஒரு வார்த்தை, நான் சொல்லவேயில்லை என்று ஒரே ஒரு வார்த்தை, அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். பெயிண்டர் பார்த்துக்கொண்டிருந்தார். டயர் மாற்ற வந்த ஒருவரும் நின்றுகொண்டிருந்தார். தம்பிக்காரன் ஹெட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவைக்க அக்காவுக்கு ஒரு பக்கம் பிடித்தான்.