பாஸுக்குப் பின்னால் நீந்துவது எப்படி

எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பாஸுக்கு முன்னால் யாரும் ஓடக் கூடாது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. புதிதாகச் சேர்ந்த ஜெஃப்ரி மட்டும், தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடுகிறபோது கால் சும்மா இருக்காமல் பாஸைத் தாண்டிப் போனார். அடுத்த மாதமே லாபுவான் கிளைக்கு மாற்றல் வந்தது. கிளை விரிவாக்கம் என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தீவில் எங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தன. எதை விரிக்கப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

பாஸின் பெயர் லோக் வெங் கியோங். ஐம்பதைத் தாண்டியதும் டாக்டர் அவருக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று சொல்ல, அன்று மாலையே ஓட்டக் காலணி வாங்கினார். மறுநாள் எங்கள் பிரிவு முழுவதற்கும் கொழுப்பு ஏறிவிட்டது போல எல்லோரும் வாங்கினோம். விடியற்காலையில் ஓடுவோம், முடிந்ததும் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு சாப்பிடுவோம். பாஸ் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தால் அதற்குப் பெயர் பயிற்சி உணவு. நாங்களும் பிரிப்போம்.

கோலாலம்பூரில் ஒரு மாரத்தானும் ஓடி முடித்தோம். ஓடினோம் என்று சொல்வது பேச்சுக்குத்தான். பாதி வழியில் பாஸுக்குத் தொடை பிடித்துக்கொள்ள, சவ ஊர்வலம் போல அவர் பின்னால் நடந்தோம். முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால், அவர் முதலில் தாண்டட்டும் என்று வரிசையாக நின்றோம். அந்த நேரத்தில் டுரியான் பழ வேடம் போட்ட ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். அவருக்கு வேறு பாஸ் போலிருக்கிறது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு நாற்காலி. துணை மேலாளர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அவர் வேலையை நான்தான் பார்த்து வந்தேன். வேலை எனக்கு, பதவி காலி. அந்தப் பதவிக்கு என்னோடு போட்டியில் இருந்தவர் ஃபைசால். பாஸ் தும்மினால் கைக்குட்டையை எடுக்கிறவர். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வேண்டாதவள் போலப் பாசாங்கு செய்ய எனக்கு வராது.

மாரத்தான் முடிந்ததும் பாஸுக்கு நீச்சல் ஆசை பிடித்தது. அஸ்லான் என்று ஒரு கோச்சை ஏற்பாடு செய்தார்கள். நான் போர்ட்டிக்சனில் பிறந்து வளர்ந்தவள், நடக்கப் பழகியதும் கடலில் இறங்கியவள். குளத்தில் நான் பாஸுக்குப் பின்னால் நீந்தினேன் என்பதைவிட மிதந்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அஸ்லான் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முன்னால் போகிறவரின் காலை ஒட்டி நீந்தினால் நமக்குப் பாதி சிரமம் மிச்சம். இரண்டாவது, கடலில் அடிக்கடி தலையைத் தூக்கி மிதவை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குளத்தின் தரையில் கறுப்புக் கோடு இருக்கிறது, கடலுக்கடியில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. முதல் பாடம் பாஸுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. இரண்டாவது பிடிக்கவில்லை. தலையைத் தூக்கினால் வேகம் போய்விடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். கோச் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். பிறகு அவரும் மாதச் சம்பளக்காரர்களைப் போலத் தலையாட்டக் கற்றுக்கொண்டார்.

போர்ட்டிக்சனில் நடக்கிற கடல் நீச்சல் போட்டியில் பிரிவு முழுவதும் கலந்துகொள்வது என்று முடிவானது. துணை மேலாளர் யார் என்பதை அது முடிந்த மறுநாள் சொல்வதாக பாஸ் அறிவித்தார். எல்லோரும் என்னையும் ஃபைசாலையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அன்று காலை கரையில் ஆரஞ்சு நிறத் தொப்பிகளோடு நின்றோம். நிறுவனத்தின் நிறம் அது. முதலில் தொட்டுத் திரும்ப வேண்டிய மஞ்சள் மிதவை இடது பக்கம் பளிச்சென்று தெரிந்தது. நீரோட்டம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தூரத்தில், கடலுக்குள் கம்புகள் நட்டுக் கட்டிய ஒரு மீன்பிடிக் குடில்.

பாஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டார். அவர் காலுக்குப் பின்னால் ஃபைசால், ஃபைசால் காலுக்குப் பின்னால் அடுத்தவர் என்று ஒரு வரிசை. கொஞ்ச நேரத்தில் நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மற்ற நீச்சல்காரர்கள் எல்லோரும் இடது பக்கம். எங்கள் ஆரஞ்சுத் தொப்பிகள் மட்டும் வலது பக்கம், வாத்துக் குஞ்சுகள் போல ஒழுங்காக மீன்பிடிக் குடிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

வேகமாக நீந்திப் போய் பாஸின் காலைத் தட்டினேன். அவர் உதைத்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். இரண்டாவது தடவை தட்டியபோது உதை என் தாடையில் விழுந்தது. பின்வாங்கி ஃபைசாலின் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

“மிதவ அந்தப் பக்கம் இருக்கு. பாருங்க.”

ஃபைசால் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மிதவையைப் பார்த்தார். தெளிவாகப் பார்த்தார், எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு பாஸின் கால் போகிற திசையைப் பார்த்தார்.

“பாஸ் பாத்துருப்பாரு லா,” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை இறக்கித் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். பின்னால் போனால் நாற்காலி கிடைக்கலாம். அந்த நினைப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் விளையாடி வளர்ந்த கடலில், கண்ணுக்குத் தெரிகிற மிதவையைத் தெரியாதது போல விட்டுவிட்டுப் போக என் கை வரவில்லை. காவல் படகுக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டு, அந்த ஆரஞ்சுக் கூட்டத்தைக் காட்டினேன். பிறகு மிதவையை நோக்கித் திரும்பி, மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த வேகத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டு நீந்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை.

நான் கழுத்தில் பதக்கத்தோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர்களைப் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். குடிலில் மேகி மீ நூடுல்ஸ் சமைத்துக்கொண்டிருந்த மீனவர், இத்தனை பேர் வரப்போகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வைத்திருப்பேனே என்றாராம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், ஏற்பாட்டாளர்கள் மிதவையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டார்கள் என்று பாஸ் விளக்கினார். எல்லோரும் ஆமோதித்தார்கள். எங்கள் குழு மற்றவர்களைவிட அதிக தூரம் நீந்தியிருக்கிறது என்று ஃபைசால் வரைபடம் போட்டுக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. அதன் சூடு ஆறுவதற்குள் துணை மேலாளர் பதவி அவருக்கு என்று பாஸ் அறிவித்தார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது பாஸ் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

“என் கால தட்டுனது நீயா, தேவகி?”

“ஆமா பாஸ். ரெண்டு தடவ.”

“யாரோ முந்தப் பாக்கறாங்கன்னு நெனச்சேன்.” கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். “தலையத் தூக்கிப் பாத்தப்ப கரையே தெரியல. ரொம்ப பயந்துட்டேன். பின்னாடி அத்தன பேர் இருந்தும் ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல.”

அந்த ஒரு நிமிடம் அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதை அவரே கெடுத்துக்கொண்டார். ஆபீசுக்கு ஃபைசால்தான் சரிப்பட்டு வருவார் என்றும், கடலுக்கு மட்டும் நான் வேண்டும் என்றும் சொன்னார். சனிக்கிழமைகளில் தலையைத் தூக்கிப் பார்க்க நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். பிரிவில் யாருக்கும் தெரியக் கூடாதாம்.

“ஃபைசாலக் கூட்டிட்டுப் போங்க, பாஸ். மிதவ எங்க இருக்குன்னு அவருக்கும் தெரியும்.”

அவர் முகம் மாறியது. பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். லாபுவான் கிளையில் இன்னோர் இடம் காலியாக இருக்கிறது என்று, தனக்குத்தானே பேசிக்கொள்வது போலச் சொன்னார்.

“தெரியும், பாஸ். ஜெஃப்ரி சொன்னாரு. அங்க கடல் ரொம்ப நல்லாருக்காம்.”