கிளி கடித்தால் ஓர் எண்

மார்ச் 12, செவ்வாய்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். டாக்டர் எழுதாத நோய்க்கு எண் போட்டுவிட்டேன்.

மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் என் வேலை, டாக்டர் எழுதியதைப் படித்து, அந்த நோய்க்குரிய எண்ணைத் தேடிப் பதிவது. எழுதியிருப்பதற்கு மட்டும்தான் எண், நமக்குத் தெரிந்ததற்கு இல்லை என்று மாலை வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். ஆனால் இன்று வந்த கோப்பு அத்தானுடையது, அக்காவின் கணவர். ‘நாள்பட்ட இருமல்’, அவ்வளவுதான் இருந்தது. அத்தான் கல் அறுக்கும் பட்டறையில் இருப்பவர். வீடு திரும்பும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். கை தானாகவே கல்தூசி நுரையீரல் நோயின் எண்ணை அடித்துவிட்டது. அந்த எண் இருந்தால் பட்டறை அவரைத் தூசியில்லாத வேலைக்கு மாற்றியாக வேண்டும். இருமலுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

மேற்பார்வை மேடம் உடனே பிடித்துவிட்டார்.

“ஏம்பா, நீ எப்ப டாக்டரான?”

“டாக்டர்கிட்ட கேக்கலாமா மேடம்?”

“கேளு. பதிலையும் நீயே எழுதிக் குடுத்துடாத. தூசிங்கற வார்த்தையே வரக் கூடாது.”

விதி சரிதான் என்று நினைக்கிறேன். ‘இருமலுக்குக் காரணம் என்ன?’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். மாலைக்குள் பதில் வந்தது: ‘தெரியவில்லை.’

வீட்டில் அத்தானிடம் கேட்டேன். “என்ன வேலை பாக்குறீங்கன்னு டாக்டர் கேட்டாரா?”

“பேரைக் கேட்டாரு, வயசைக் கேட்டாரு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.”

“திரும்பப் போய் நீங்களே சொல்லுங்க அத்தான்.”

“இருமலுக்கெல்லாம் இனி லீவு கிடையாதுன்னு மேஸ்திரி சொல்லியாச்சு மாப்ளே. நாளைக்கு மெஷின்ல நிக்கலைன்னா வேற ஆளாம்.” இருமி முடித்துவிட்டுச் சிரித்தார். “கிளி கடிச்சாக்கூட தனி எண்ணு இருக்குன்னு அன்னைக்குச் சொன்னியே? பேசாம ஒரு கிளிய வாங்கிக் கடிக்க விட்டுக்கவா?”

அக்கா சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் ஓசையோடு வைத்தாள்.

“ஊருக்கெல்லாம் நோய்க்கு எண்ணு போடுற. வீட்டுல இருக்கறவருக்கு உன்னால முடியலையாடா?”

விதியை விளக்க வாயெடுத்தேன். எனக்கே கேட்கச் சகிக்காது போலிருந்தது. சாப்பிட்டேன்.

நாளை: பத்து மணிக்குள் அத்தானின் கோப்பில் கல்தூசியின் எண்ணை அழித்து, இருமலின் எண்ணைப் பதிய வேண்டும்.