கோபாலன் கே

14 அக்டோபர் 2003, செவ்வாய். முனிர்கா, மாலை வகுப்பு.

இன்று ஒரு தப்பு, சின்னதுதான்... இல்லை, தப்பு போன மாதத்தது, தெரிந்ததுதான் இன்று, முதல் வரியிலேயே குழப்புகிறேன். கரண்ட் போய் வகுப்பில் எல்லாக் கம்ப்யூட்டரும் அணைந்துவிட்டன, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன், வரிசையாக எழுதினால் மனசு அடங்குமோ என்று. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் கணக்குப் பார்க்கும் அருள்ராஜ் அண்ணாச்சியின் மளிகைக் கடைக்குப் பில்லிங் சாஃப்ட்வேர் வந்ததே நான் சொல்லித்தான், கடன் நோட்டைக் கட்டி வைக்கச் சொன்னதும் நான்தான். "தீபாவளி மட்டுக்கும் பாப்போம் அம்சவேணி, ஒரு கணக்கு பிசகுனாலும் பெட்டியும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், சிரிப்புதானா அது? குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அந்தச் சாஃப்ட்வேர் நகராது, நம் தமிழ் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர், எல்லோருடைய இனிஷியலையும் அதில் போட்டேன், கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு. கே. கோபாலன் இரண்டு பேர், ஒருவர் முனிர்கா, ஒருவர் ஆர்.கே.புரம், திரையில் அடுத்தடுத்த வரியில் கோபாலன் கே, கோபாலன் கே. ஆர்.கே.புரத்துக்காரர் கட்டிய எண்ணூற்று நாற்பதை மேல் வரியில் வைத்து என்டர் தட்டியிருக்கிறேன். கீழ் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தியிருந்தால் போதும், ஒரே தடவை.

காலையில் அந்த ஆர்.கே.புரம் கோபாலன் சார் காப்பிப்பொடி வாங்க வந்தார், ரிட்டயர் ஆனவர், எப்போதும் கொண்டுவரும் அதே கைப்பை. நாலு பேர் நிற்கும்போது, "சார், பழைய பாக்கி எண்ணூத்தி நாப்பது இருக்கு" என்றேன், மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. "போன மாசமே குடுத்துட்டேனேம்மா." "கம்ப்யூட்டர்ல இல்லியே சார்." அண்ணாச்சி வேறு, "பெட்டி பொய் சொல்லுமா சார்?" என்று சிரித்தார். கோபாலன் சார் என்னையே பார்த்தார், பிறகு திரையை. "அச்சா, மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும். நேக்குத்தான் இப்பல்லாம் மறதி" என்று நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி வைத்தார், மிச்சம் போதவில்லை போல, காப்பிப்பொடிப் பொட்டலத்தைத் திரும்பத் தராசுத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குத்தான் மேல் வரி கோபாலன் பக்கத்தில் எண்ணூற்று நாற்பது முன்பணமாக நிற்பதைப் பார்த்தேன். அதை ஆர்.கே.புரத்துக்காரர் பக்கம் முன்பணமாக மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார், யாருக்கும் தெரியாது, கணக்கு இப்போது சுத்தம். சுத்தமா? அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து வேறு என்னவெல்லாம் மறந்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்பாரே... செப்டம்பரில் அவர் கொடுத்ததில் ஒரு நூறு ரூபாய் நோட்டு டேப் ஒட்டியது, செல்லுமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கியதே நான்தான். அது எப்போது நினைவுக்கு வந்தது, மூன்று மணிக்கா, "குடுத்துட்டேனேம்மா" என்று அவர் சொன்ன அந்த நொடியிலேயேவா? மூன்று மணி என்று பதில் எழுதினேன், அடித்துவிட்டேன்.

நாளை: காலை எட்டு மணிக்கு ஆர்.கே.புரம், நாலாம் செக்டர். எண்ணூற்று நாற்பது ரூபாய், கால் கிலோ காப்பிப்பொடி. மறந்தது அவர் இல்லை என்று சொல்ல வேண்டும். அதன்பின் கடைக்குப் போய் அண்ணாச்சியிடம்.