கலங்கரை விளக்கத்தில் கேட்ட 'நாங்க'

எங்கள் குடும்பத்தில் கெட்ட செய்தியை வீட்டுக்குள் வைத்துச் சொல்லும் பழக்கம் கிடையாது. அப்பா தன் கடையை இழுத்து மூடப்போவதை எங்களை சர்க்கஸுக்குக் கூட்டிப்போய், யானை பந்து உதைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அம்மா தனக்கு வந்த வியாதியை ஐஸ்கிரீம் கடையில் சொன்னாள். கிண்ணத்தில் இருந்தது உருகித் தண்ணீராகும்வரை யாரும் கரண்டியைத் தொடவில்லை. இந்தப் புத்தி தம்பிக்கும் சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஊர்சுற்றல் எவ்வளவு தூரமோ, செய்தி அவ்வளவு பெரிது என்பது என் கணிப்பு. அதனால் ஒருநாள் அவன் ஆபீஸிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலேயே, கடற்கரையோரம் ஒரு பழங்காலத்து லைட் ஹவுஸ் இருக்கிறது, இப்போது அதில் தங்குவதற்கு அறை விடுகிறார்கள், ஒரு ராத்திரி போய்த் தங்கலாமா அக்கா என்று கேட்டபோது, பஸ் தூரத்தை மனசுக்குள் அளந்து பார்த்தேன்.

செய்தியில் பாதி எனக்கு முன்பே தெரியும். அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. வாடகை வீட்டுக்காரர் வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தம்பி மனைவி அடுக்களையில் வேண்டிய பாத்திரம், வேண்டாத பாத்திரம் என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. நான் எந்தக் குவியலில் இருக்கிறேன் என்பதுதான் தெரியவில்லை.

வாயைத் திறந்து கேட்டால் என்ன என்பீர்கள். கேட்டால் அவன் "நீ இல்லாமலா?" என்றுதான் சொல்வான். கேட்டு வாங்கிய பதிலை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் எத்தனை நாள் சாப்பிட முடியும்? கல்யாணம் என்று ஒன்று எனக்கு அமையவில்லை. அமையாததற்கு நான் அழவும் இல்லை. அம்மா போன பிறகு தம்பி வீடுதான் என் வீடு. அவன் மனைவிக்கும் எனக்கும் சண்டை கிடையாது, கொஞ்சலும் கிடையாது. அவள் காரம் போடுவாள், நான் தண்ணீர் குடிப்பேன். அப்படியே காலம் ஓடிவிட்டது.

ஆகவே நான் கேட்கவில்லை, கவனித்தேன். எனக்கு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பது என் பிழைப்பு. எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்று 'நாம்', 'நாங்கள்'. 'நாம்' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே. கல்யாணப் பத்திரிகையில் 'நமது மகளுக்கு' என்று போட்டு, வருகிற விருந்தாளிகளையெல்லாம் பெண்ணுக்கு அப்பாவாக்கிவிடுவார்கள். நான்தான் சுழித்துத் திருத்துவேன்.

தம்பி எந்தச் சொல்லைச் சொல்கிறான் என்று பார்த்துவிட்டால் போதும், விஷயம் விளங்கிவிடும் என்று காத்திருந்தேன். ஆனால் நம் வினைச்சொல் இருக்கிறதே, அது கல்லுளிமங்கன். 'போறோம்', 'பார்த்திருக்கோம்' என்று இரண்டுக்கும் ஒரே வால். புருஷனும் பெண்டாட்டியும் பல வாரங்களாக வாலை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தார்கள். "வீடு பார்த்திருக்கோம்." "பீரோவைக் கொடுத்துடறோம்." 'நாமா', 'நாங்களா' என்ற தலை வெளியே வரவேயில்லை. எனக்கு அலுத்துவிட்டது. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது, அச்சகத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வரும்.

பஸ்ஸில் அவர்கள் இருவரும் முன் இருக்கையில். நான் பின்னால், என் தோளைத் தலையணையாக்கிக்கொண்ட ஒரு மனிதருக்குப் பக்கத்தில். வழி நெடுக தம்பி திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்து, "தண்ணி வேணுமாக்கா?" என்றான். மறுபடி திரும்பி, "ஜன்னலைச் சாத்தவா?" என்றான். பாவம், சொல்ல வந்ததை மென்று மென்று முழுங்கினான்.

கலங்கரை விளக்கம் என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ, எனக்கு வேண்டிய விளக்கம் அங்கே வாசலில் கிடைக்கவில்லை. கருங்கல் கோபுரம். வெள்ளை பூசியிருந்தார்கள், கடல் பக்கம் அது செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. ஒருகாலத்தில் விளக்கைக் காத்தவர்கள் படுத்துத் தூங்கிய அறைகள் கோபுரத்துக்குள்ளேயே அடித்தட்டுகளில் இருந்தன. அவற்றைத்தான் விருந்தினருக்கு ஒழித்துக்கொடுத்திருந்தார்கள். என்னுடையது எல்லாவற்றுக்கும் கீழே, அவர்களுடையது அதற்கு மேலே. வட்டமான சுவர். கட்டிலை எந்தப் பக்கம் தள்ளினாலும் சுவரோடு ஒட்டாமல் ஒரு சந்து விழுந்தது. மூலையே இல்லாத அறையில் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். போர்வையில் உப்பு வாசனை. எனக்கு உடனே படுத்துவிடத் தோன்றியது.

ஆனால் அங்கே பராமரிப்புக்கு இருந்த ஆள் விடவில்லை. இருட்டுவதற்குள் மேலே போய்ப் பார்க்காவிட்டால் வந்ததே வீண் என்றார். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வந்த சிறிது நேரத்திலேயே தம்பி மனைவி அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டாள். தலைவலி என்று சொல்லி அவள் கீழேயே தங்கிவிட்டாள். ஏதோ பேசி வைத்துக்கொண்டதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை அவன் தனியாகச் சொல்லட்டும் என்று ஒதுங்கியிருப்பாள்.

சுழல்படி ஏறினோம். இரும்புப் படி, கைப்பிடி முழுக்கத் துரு. என் முழங்கால்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் சண்டைக்கு வந்தன. தம்பி எனக்குப் பின்னால், நான் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் வந்தான். நடுவில் ஒரு சின்ன ஜன்னலருகே மூச்சு வாங்க நின்றபோது, "அக்கா, ஒரு விஷயம்" என்றான். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். "இந்தச் சுவரோட தடிமனைப் பாரேன்" என்றான். பார்த்தேன். நல்ல தடிமன்தான். எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த ரேடியோ இறங்கி வந்து அந்தத் தடிமனுக்கு ஒரு பிரசங்கமே செய்தார்.

உச்சியில் விளக்கு அறை. ஆள் உயரத்துக்குக் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கடுக்காகக் கோத்த கூடு; அதற்குள் இப்போது தானாகவே எரிந்து தானாகவே அணைகிற சின்ன பல்பு. முன்பு விளக்கைக் காக்க ஆட்கள் முறை வைத்து விழித்திருந்தார்களாம். இப்போது யாரும் விழிக்க வேண்டாம் என்று ரேடியோ சொன்னார். விழிக்க வேண்டாத வேலை எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நினைத்தபடி, வெளியே கோபுரத்தைச் சுற்றி ஓடும் குறுகலான நடைபாதைக்குப் போனேன். காற்று புடவையைப் பிடுங்கியது. கீழே கடல் சாம்பல் நிறத்தில், என்னைப் போலவே அலுப்போடு, வந்ததும் போனதுமாக இருந்தது. நான் வளைவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அப்போதுதான் காதில் விழுந்தது. அடுத்த கோடையில் மறுபடி வாருங்கள், அப்போது கடல் நீலமாக இருக்கும் என்று ரேடியோ சொல்லியிருக்க வேண்டும். தம்பியின் குரல் காற்றில் தெளிவாக வந்தது.

"இனிமே வர்றது கஷ்டங்க. நாங்க அடுத்த மாசம் ஊரை விட்டே போறோம்."

தலை வெளியே வந்துவிட்டது. 'நாங்க.'

அழுகை வரவில்லை. உடம்பில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச தெம்பும் இறங்கிப் போனது, அவ்வளவுதான். சுவரை விட்டு நகரவே முடியவில்லை. என்னிடம் சொல்லத் திராணி இல்லாததை ஊர் பேர் தெரியாத ஆளிடம் சொல்லிவிட்டான் என்று கோபம் வந்தது. கோபம் வந்ததும்தான் கால் நகர்ந்தது. எங்கள் வம்சத்துக்கே ரோஷம் மூக்கு நுனியில். அவன் சொல்லி நான் கேட்பதைவிட, நானே முந்திக்கொள்வது என்று படி இறங்கும்போதே முடிவு செய்தேன்.

சாப்பாட்டு மேசை என் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டு ரேடியோ தன் வீட்டுக்குப் போய்விட்டார். மூவரும் உட்கார்ந்தோம். தம்பி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தானே தவிர வாயில் வைக்கவில்லை. அவன் தொண்டையைக் கனைத்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். மாற்றல் விஷயம் எனக்குத் தெரியும், நீங்கள் நல்லபடியாகப் போங்கள், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் ஓர் அம்மாளின் வீட்டு மாடியில் ஓர் அறை எனக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது என்றேன். அப்படி ஓர் அறை உலகத்திலேயே கிடையாது. அந்த அம்மாள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

தம்பி தட்டைப் பார்த்தபடியே, "சரிக்கா. உன் இஷ்டம்" என்றான். இவ்வளவு சுலபமாகவா என்று எனக்குள் ஏதோ அறுந்தது.

அவன் மனைவிதான் கையிலிருந்த தம்ளரைப் பட்டென்று வைத்தாள்.

"யாரைக் கேட்டு ரூம் சொன்னீங்க? உங்களால மாடி ஏற முடியாதுன்னு கீழ் வீடாத் தேடி அந்த ஊரெல்லாம் நாய் மாதிரி அலைஞ்சிருக்கோம். இவர் என்னடான்னா, அக்காகிட்ட இப்பவே சொல்லாதே, வேலைய விடச் சொல்லணும், பக்குவமாக் கேக்கணும்னு என் வாயையும் கட்டிப்போட்டாரு. நீங்க மாடியில போய் உக்காந்துக்கறீங்களாக்கும். எங்ககூட வரப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிட வேண்டியதுதானே."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் எனக்காக அழுவாள் என்று யாராவது சத்தியம் செய்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன். தம்பி அவளிடம், விடு என்றான். இவ்வளவு நேரம் ரோஷமாகப் பேசிய வாயிலிருந்து, மேலே நீ 'நாங்க' என்றாயே என்பது மட்டும்தான் வந்தது.

அவனுக்குப் புரியவில்லை. எங்கே, யாரிடம் என்று கேட்டான். சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்று முழுக்க முதல்முறையாக நேராகப் பார்த்தான்.

"அந்த ஆள்கிட்ட வேற எப்படிக்கா சொல்றது? 'நாம'ன்னு சொல்லியிருந்தா அவரையும்ல கூட்டிட்டுப் போகணும்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஊரார் பத்திரிகையெல்லாம் திருத்தியவள், அவன் யாரிடம் பேசுகிறான் என்று பார்க்கவில்லை. வெளியாளிடம் சொன்ன 'நாங்க'வில் நான் உள்ளேதான் இருந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்கப் போய் அழுகையாக முடிந்தது. ரூம் பொய் என்றேன். மாடியும் பொய்யா என்று தம்பி மனைவி கேட்டாள். மாடியும் பொய்தான் என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, நல்ல குடும்பம் என்று முணுமுணுத்தாள்.

பிறகு ஏன் சரி என்றாய், ஒரு வார்த்தை மறுத்திருக்கக் கூடாதா என்று தம்பியைக் கேட்டேன். அவன் ரொட்டித் துணுக்குகளை ஒன்றாகக் கூட்டி வைத்தான்.

"அப்பா கடை போனப்புறம் என்னைப் படிக்க வைக்க நீ விட்டது போதாதா? வேலையையும் விடுன்னு எந்த மூஞ்சியோட கேக்கறது. மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு ஒரு மாசமாத் தூக்கமே இல்லக்கா. நீ சொன்னதும், பயந்தது நடந்துடுச்சுன்னு நினைச்சேன்."

ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு பேரும் விழித்துக் கிடந்திருக்கிறோம். வேண்டாம் என்று சொல்லப்போகிறான் என்று நானும், மாட்டேன் என்று சொல்லப்போகிறேன் என்று அவனும். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. நெடுந்தூரம் சுமந்துவந்த மூட்டையை இறக்கியபின் வருகிற அசதி. அச்சகத்தை விட்டுப் போவதும் லேசான காரியமில்லை. அந்த மை வாசனை இல்லாமல் எனக்கு எந்த நாளும் விடிந்ததில்லை. அதையும் அவனிடம் மறைக்காமல் சொன்னேன். அங்கேயும் அச்சகம் இருக்கும், தப்பு எழுதுகிறவன் இல்லாத ஊர் உண்டா என்றான்.

இப்போதாவது கேள் என்றேன்.

"எங்ககூட வந்துடுக்கா."

'எங்க.' நான் இன்னும் வெளியேதான் நின்றேன். ஆனால் கூப்பிடுகிறவன் வேறு எப்படிக் கூப்பிடுவான்? மற்ற சொல்லை வருகிறவள்தான் சொல்ல வேண்டும். தம்பி மனைவி எனக்கு இன்னொரு முட்டையை வைத்துவிட்டுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நாம என்னைக்குக் கிளம்பறோம்?" என்று கேட்டேன்.