நூற்று ஐம்பது டிகிரியில் ஒரு தேதி

நாங்கள் சோதிக்கும் நினைவகச் சில்லில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் காந்தம். குளிர்ந்திருக்கும்போது அதைத் திருப்ப நிறைய மின்சாரம் வேண்டும். சூடேற்றினால் பிடி தளரும். கொஞ்சம் மின்சாரமே போதும். ஆறிவிட்டால் எழுதியது பத்து வருடம் நிற்கும். கஞ்சிக்கோடு ஆய்வகத்தில் என் வேலை, அந்தக் கொஞ்சத்தை இன்னும் குறைப்பது.

எழுதும்போதெல்லாம் முதல் வரியில் தேதியும் எழுதியவரின் ஊழியர் எண்ணும் விழும்.

நவராத்திரிக்கு, சில்லுகளைச் சோதிக்கும் மெஷினைப் பூசைக்கு வைத்தோம். சந்தனம், குங்குமம், மேலே சிவப்புத் துணி. விஜயதசமி காலைவரை யாரும் தொடக் கூடாது. போன வருடப் பூசையில் ஹீட்டரும் சில்லும் கருகிக் கிடந்தன. மோகனசுந்தரம்தான் தொட்டான் என்று சீனியர் டெக்னீஷியன் குப்பண்ணன் சொன்னார். அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருடம் நான் தொட்டேன். அக்டோபர் ஒன்று. ஒரு ரீடிங் பாக்கி இருந்தது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள், மின்சாரமே கொடுக்காமல் புதுச் சில்லைச் சூடேற்றினேன். திரையில் அர்த்தமில்லாத சிதறல்தான் வரவேண்டும். முதல் வரியில் 01-10 என்று வந்தது. பக்கத்தில் என் எண். வேறு சில்லு போட்டேன். அதிலும் அதே.

"மூணாத்துக் குளுருல வளந்த அம்மிணி, எப்பப் பாரு ஹீட்டரக் கட்டிட்டே நிக்கறே?"

குப்பண்ணன் பின்னால் நின்றார். என் எண்ணை உள்ளங்கையால் மறைத்தேன்.

"ஒண்ணாந்தேதியா? அன்னிக்குப் பூசையாச்சே! தொட்டியா?"

"இல்லண்ணே."

கைக்குக் கீழே அடுத்த வரி வந்தது. அதே தேதி, அதே எண். அதற்கும் கீழே இன்னொன்று.

"தொட்டேண்ணே. மேனேஜர் சார்ட்ட நானே சொல்லிருதேன்."

வரிகள் ஒவ்வொன்றாக அழிந்தன.

"சொல்லித்தான் ஆகோணும்," என்று மெஷின்மேல் கையை ஊன்றினார். "மோகனசுந்தரத்த நானென்ன வேணும்னா காட்டிக் குடுத்தேன்? கண்ணுல பட்டுது, சொன்னேன்."

திரையில் ஒரு தேதி வந்தது. 12-10. போன வருடப் பூசை. பக்கத்தில் இருந்த எண் மோகனசுந்தரத்தினுடையது அல்ல. அது குப்பண்ணனின் சட்டையில் தொங்கிய அட்டையில் இருந்தது.

அவர் அட்டையைக் கையால் மூடிக்கொண்டார். மறு கையால் ஹீட்டரை அணைத்தார்.

"சூடு போதும் அம்மிணி."

ஆறினால் எழுதியது பத்து வருடம் நிற்கும். நூற்று நாற்பது. நூற்றுப் பத்து. எழுபது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். முப்பதுக்கு வந்த பிறகும் அந்த வரி அப்படியே இருந்தது.